எரிமலை பார்க்கப் போகிறவர்களுக்கு: நிலை 1 என்றால் என்ன?

போன மாதம் தங்கை போன் செய்தாள். பாலிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதாம். குரலில் ஒரே குஷி.

"அண்ணா, மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பி பாத்தூர் மலை ஏறுறோம். மேலே போய் சூரிய உதயம் பார்க்கணுமாம். நீதான் ஏற்கெனவே எரிமலையெல்லாம் ஏறியிருக்கியே, ஷூ மட்டும் போதுமா? வேற ஏதாவது வாங்கணுமா?"

மாப்பிள்ளையும் பன்னிரண்டு வயசுப் பையனும் கூடப் போகிறார்கள். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. "ரெண்டு நாள் டைம் கொடும்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். ஷூவைப் பற்றிக் கேட்டால் இவன் என்ன படிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பாள்.

நான் "எரிமலை ஏறிய" கதை இதுதான். 2017இல் ஆபீஸ் வேலையாக இந்தோனேசியா போனபோது, வார இறுதியில் இரண்டு நண்பர்களோடு கிழக்கு ஜாவாவில் உள்ள இஜென் மலைக்குப் போனேன். கந்தக வாயு தீப்பிடித்து இருட்டில் நீல நிறமாக எரியும். அதைப் பார்க்கத்தான் கூட்டம். நடுராத்திரி கேட்டில் ஒரு படிவம் நீட்டினார்கள். இந்தோனேசிய மொழி. கையெழுத்துப் போட்டேன். வாடகைக்கு ஒரு கேஸ் மாஸ்க் கொடுத்தார்கள். அதன் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எரிமலை வாயின் விளிம்பிலிருந்து உள்ளே இறங்கினோம். காற்று நம் பக்கம் திரும்பியதும் கண் எரிந்து, மூச்சு அடைத்து, ஐந்து நிமிடம் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து இருமினேன். பக்கத்திலேயே உள்ளூர் தொழிலாளி ஒருவர் கந்தகக் கட்டிகளைக் கூடையில் சுமந்துகொண்டு, வாயில் ஈரத்துணியோடு ஏறிப் போனார். அவரே போகிறார், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மார்ச் மாதம், அதே இஜெனில் நச்சு வாயு வெளிப்பட்டு சுமார் 30 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு நான் செய்தது, என் பழைய போட்டோவை நண்பர்களுக்கு இன்னொரு முறை அனுப்பியதுதான். "நாம தப்பிச்சோம்டா" என்று ஒரு சிரிப்பு பொம்மையோடு.

ஆக, தங்கைக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதனால்தான் இரண்டு நாள் கேட்டேன். இரண்டு நாள் மூன்று வாரம் ஆனது. நான் புவியியல் படித்தவன் இல்லை; சாஃப்ட்வேர் எழுதுகிறவன். படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாகாரி, 2019

நியூசிலாந்தின் வடக்குத் தீவிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது வாகாரி என்ற சிறு தீவு. ஆங்கிலத்தில் வொயிட் ஐலண்ட். தீவு என்று சொல்கிறோமே தவிர, அது கடலுக்கு மேலே தலை நீட்டிய ஒரு எரிமலையின் உச்சி. குறுக்கே நடந்தால் இரண்டு கிலோமீட்டர்தான். மற்ற மலைகளில் மூச்சு வாங்க ஏறித்தான் எரிமலை வாயை எட்டிப் பார்க்க முடியும். இங்கே படகிலிருந்து இறங்கினால் நேரே வாய்க்குள்ளேயே நடந்து போகலாம், தரை கிட்டத்தட்ட கடல் மட்டத்தில். அதனாலேயே அது பிரபலம். தனியார் தீவு; டூர் நிறுவனங்கள் உரிமம் வாங்கி ஆட்களை அழைத்துப் போயின.

இந்தத் தீவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1914இல் கந்தகம் எடுக்க ஒரு குழு அங்கே தங்கியிருந்தது. எரிமலைச் சுவரின் ஒரு பகுதி இடிந்து சேறும் பாறையுமாக வழிந்தது. பத்துப் பேரும் போனார்கள். மிஞ்சியது அவர்கள் வளர்த்த பூனை ஒன்று மட்டும். 2016 ஏப்ரலில் ஒரு வெடிப்பு நடந்தது. அது இரவு நேரம், தீவில் யாரும் இல்லை. எங்கள் துறையில் இதை "நியர் மிஸ்" என்போம். ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் படுத்து, யாரும் கவனிப்பதற்குள் தானாக எழுந்துவிட்டால், மறுநாள் காலை அதைப் பற்றி ஒரு கூட்டம் போட வேண்டும். பெரும்பாலும் போட மாட்டோம்.

2019 நவம்பர் 18 அன்று, நியூசிலாந்தின் ஜியோநெட் கண்காணிப்பு அமைப்பு வாகாரியின் எச்சரிக்கை நிலையை 1இலிருந்து 2க்கு உயர்த்தியது. டூர்கள் தொடர்ந்தன. மூன்று வாரம் கழித்து டிசம்பர் 9, திங்கட்கிழமை மதியம் 2:11 மணி. தீவில் 47 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் ஒரு சொகுசுக் கப்பலில் வந்த பயணிகள். ஜியோநெட் அங்கே வைத்திருந்த கேமரா குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். வெடிப்புக்குச் சற்று முன் எடுத்த படத்தில், சாம்பல் நிறத் தரையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு வரிசை மனிதர்கள் நடந்து போகிறார்கள்.

22 பேர் இறந்தார்கள். இருவரின் உடல் கிடைக்கவே இல்லை. மீதி 25 பேருக்கும் காயம், பலருக்கு மிகக் கடுமையான தீக்காயம். நாட்டின் தீக்காயப் பிரிவுகள் நிரம்பிவிட்டன. சிகிச்சைக்காக அமெரிக்காவிலிருந்து 12 லட்சம் சதுர சென்டிமீட்டர் தோல் ஆர்டர் செய்தார்கள். அந்த எண்ணைப் படித்தபோது ஒரு நிமிடம் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

முதலில் காப்பாற்றியவர்கள் யார் என்பதும் முக்கியம். தீவிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்த படகு திரும்பி வந்து, கரையில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டது. மேல்தளத்தில் சக பயணிகள் தண்ணீர் ஊற்றி, தங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்து உதவினார்கள். தனியார் ஹெலிகாப்டர் பைலட்டுகள் சிலர் தங்கள் சொந்த முடிவில் பறந்து போய், சாம்பலுக்குள் இறங்கி ஆட்களைத் தூக்கி வந்தார்கள். கரையிலிருந்து 48 கிலோமீட்டர் என்றால், வெடித்த பிறகு முதல் அரை மணி நேரத்துக்கு அங்கே இருப்பவர்களே அவர்களுக்கு ஆம்புலன்ஸ்.

லாவா வரவே இல்லை

எரிமலை என்றதும் நம் மனதில் வருவது சினிமாவில் பார்த்த சிவப்புக் குழம்பு. அது மெதுவாக வழியும், ஓடித் தப்பிக்கலாம், ஹீரோ கடைசி நொடியில் பாலத்தைத் தாண்டுவார். வாகாரியில் அன்று லாவா ஓடவில்லை. அந்த 22 பேரைக் கொன்றது நீராவியும், அது கிளப்பிக்கொண்டு வந்த சாம்பலும் கல்லும்.

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்கு. மூடி அழுத்தினால் நூறைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். பூமிக்கடியில் மாக்மாவின் சூட்டுக்கு மேலே மழைநீரும் கடல்நீரும் பாறை இடுக்குகளில் இப்படித்தான் அழுத்தத்தில் நிற்கின்றன. வாயுக்கள் வெளியே வரும் துளைகளைக் களிமண்ணும் கந்தகமும் தாதுக்களும் மெல்ல மெல்ல அடைக்கும். வெயிட் வால்வில் பருப்பு அடைத்துக்கொள்வது மாதிரி. எங்கோ ஒரு விரிசல் விழுந்து அழுத்தம் குறைந்தால் போதும், அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆவியாகும். சாதாரண காற்றழுத்தத்தில் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கும் பாறை தூள் தூளாகப் பறக்கும்.

இந்த வகை வெடிப்பில் புது மாக்மா மேலே ஏறி வர வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் சிக்கல். மாக்மா ஏறினால் நிலநடுக்கம் கூடும், தரை வீங்கும், வாயுவின் அளவு மாறும். நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் அறிகுறி கிடைக்கும். 2017இல் பாலியின் அகுங் மலையில் அப்படித்தான் நடந்தது. செப்டம்பரிலேயே ஆட்களை வெளியேற்றினார்கள், நவம்பரில் வெடித்தது. விமான நிலையத்தை மூடியதால் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், ஆனால் அது உயிரோடு மாட்டிக்கொண்டது. நீராவி வெடிப்புக்கோ முன்னறிவிப்பு நிமிடக் கணக்கில்தான், அதுவும் இருந்தால்.

வெடித்த பிறகு மூன்று விஷயம் வரும். முதலில் கல். தலை அளவு, ஃபிரிட்ஜ் அளவு பாறைகள் குண்டு மாதிரி வந்து விழும். அடுத்து, சூடான சாம்பலும் ஆவியும் கலந்த ஒரு மேகம் தரையோடு தரையாகப் புரண்டு வரும். வாகாரியில் அது எரிமலை வாயின் தரை முழுக்கப் பரவி, படகுத்துறை வரை வந்துவிட்டது. ஓடினாலும் முந்த முடியாது. மூன்றாவது சாம்பல் மழை. பகல் இரவாகும், கண் தெரியாது, மூச்சு விட முடியாது.

எச்சரிக்கை எண் என்ன சொல்கிறது

இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது இதுதான். எரிமலை நிலை 1, நிலை 2 என்று செய்தியில் படிக்கும்போது, புயல் எச்சரிக்கைக் கூண்டு மாதிரி என்று நான் நினைத்திருந்தேன். எண் ஏறினால் ஆபத்து நெருங்குகிறது. இல்லை.

நியூசிலாந்தின் அளவுகோல் 0 முதல் 5 வரை. 0 அமைதி, 1 லேசான சலனம், 2 மிதமான அல்லது கூடுதலான சலனம். 3, 4, 5 என்பவை சிறிய, நடுத்தர, பெரிய வெடிப்புகள். அதாவது அந்த எண் எரிமலை *இப்போது* என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நாளை என்ன செய்யும் என்று அல்ல. எந்த நிலையிலும் வெடிப்பு நேரலாம் என்று அந்த அட்டவணையோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். "நிலை 2 வரை போவோம், 3 வந்தால் நிறுத்திவிடுவோம்" என்று ஒரு டூர்க்காரர் சொன்னால், கேட்பதற்குப் பொறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் 3 என்பதே வெடிப்பு. வெடித்த பிறகு நிறுத்துவோம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஜப்பானில் வேறு மாதிரி. அங்கே 1 முதல் 5. ஒவ்வொரு எண்ணும் ஒரு செயலோடு கட்டப்பட்டது: 2 என்றால் எரிமலை வாய்ப் பக்கம் போகாதே, 3 என்றால் மலையேறாதே, 5 என்றால் ஊரை விட்டு வெளியேறு. இந்தோனேசியாவில் நான்கு நிலை: நோர்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ், கூடவே இத்தனை கிலோமீட்டருக்குள் வராதே என்று ஒரு வட்டம். அமெரிக்காவில் எண்ணே கிடையாது, சொல்லும் நிறமும்தான். ஆக நியூசிலாந்தின் 2ஐயும் ஜப்பானின் 2ஐயும் ஒன்று என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ஒரே பெயரில் இரண்டு ஏபிஐ, இரண்டும் எண்தான் திருப்பித் தரும், அர்த்தம் மட்டும் வேறு. இந்த மாதிரி பக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தடவை நான்கு நாள் ஆனது, அதில் யாரும் சாகவில்லை.

சரி, ஜப்பானின் முறை செயலோடு கட்டப்பட்டது என்பதால் பாதுகாப்பானதா? ஒன்டாகே மலையைப் பார்ப்போம். 3,067 மீட்டர். 1979இல் வெடிக்கும் வரை அது செத்துப்போன எரிமலை என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, இலைகள் சிவக்கும் பருவம், தெளிந்த வானம். உச்சியில் கூட்டம், பலர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருந்த நேரம். 11:52க்கு நீராவி வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், ஐந்து பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பெரும்பாலானவர்களைக் கொன்றது பறந்து வந்த கற்கள்.

அன்று எச்சரிக்கை நிலை 1. அப்போது ஜப்பானிய மொழியில் அந்த நிலைக்கு எழுதியிருந்த விளக்கத்தின் பொருள் "வழக்கமான நிலை". இரண்டு வாரம் முன்னால் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் கூடியிருந்தன. வானிலை நிறுவனம் அதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது, நிலையை உயர்த்தவில்லை. வெடிப்புக்குப் பதினோரு நிமிடம் முன்பு கருவிகளில் தொடர் அதிர்வு பதிவானது. ஏழு நிமிடம் முன்பு தரை சாய்ந்தது. மலை மேல் இருந்த யாருக்கும் அது போய்ச் சேரவில்லை.

மறு வருடம் ஜப்பான் அந்த வாசகத்தை மாற்றியது. நிலை 1க்கு இப்போது பொருள்: "இது உயிருள்ள எரிமலை என்பதை மனதில் வையுங்கள்". எண் மாறவில்லை, சொல் மட்டும்தான். நான் படித்த எல்லா மாற்றங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. கூடவே சட்டத்தையும் திருத்தினார்கள்: எரிமலை அருகே உள்ள ஊராட்சிகள் வெளியேற்றத் திட்டம் வைத்திருக்க வேண்டும், மலையேறுகிறவரும் தகவல் தேடிப் படிக்க முயற்சி செய்ய வேண்டும். பல மலைகளில் கான்கிரீட்டில் ஒதுங்கிடங்களும் கட்டினார்கள். ஒன்டாகேயில் பிழைத்தவர்களில் பலர் மலைக் குடில்களுக்குள் ஓடி ஒளிந்தவர்கள்.

இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி தீவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே 2019 ஜூலையில் பெரிய வெடிப்பு ஒன்றில் ஒரு மலையேறி இறந்தார். பெரிய வெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு தரை லேசாக வீங்குவதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்து, அதை சைரனோடு இணைத்திருக்கிறார்கள். மனிதர் யாரும் போன் எடுத்துப் பேசி முடிவெடுக்கத் தேவையில்லை. சில நிமிடம் என்பது ஓடி ஒரு சுவருக்குப் பின்னால் போக, கடற்கரையை விட்டு மேலே ஏறப் போதும்.

ஒரு சின்னக் கணக்கு

"லட்சக்கணக்கான பேர் போய் வர்றாங்க, ஒண்ணும் ஆகல." மாப்பிள்ளை இதைத்தான் சொன்னார். தப்பில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு எரிமலை அடுத்த 30 நாளில் ஆபத்தான அளவுக்கு வெடிக்கும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். (இது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், எந்த மலைக்கும் உரியதல்ல.) 30 நாள் என்றால் 720 மணி நேரம். நீங்கள் அங்கே ஒரு மணி நேரம் இருக்கிறீர்கள். உங்களுக்கான வாய்ப்பு 7,200இல் ஒன்று. பரவாயில்லையே என்று தோன்றும்.

உங்கள் கைடு மாதத்தில் இருபது நாள், நாளைக்கு இரண்டு முறை போகிறார். 40 மணி நேரம். அவருக்கு 180இல் ஒன்று. ஒரே மாதத்தில்.

டூர் நடத்துகிறவருக்கு? அவருடைய வாடிக்கையாளர்கள் யாராவது தினமும் நான்கு மணி நேரம் உள்ளே இருக்கிறார்கள். மாதம் 120 மணி நேரம். 60இல் ஒன்று. அதே நிலையில் வருடம் முழுக்க ஓட்டினால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. அது நடக்கும் நாளில் போவது ஒரு உயிர் அல்ல, அன்று உள்ளே இருந்த அத்தனை பேரும்.

மூன்று பேரும் பார்ப்பது ஒரே மலையைத்தான். ஆனால் 7,200இல் ஒன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர் நீங்கள். ஐந்தில் ஒன்று என்ற எண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர் வேறு ஒருவர். அவர் அதைக் கணக்குப் போட்டாரா என்று உங்களுக்குத் தெரியாது. வாகாரி வழக்கு விசாரணையில் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியும் ஏறத்தாழ இதுதான். பணியிடப் பாதுகாப்பு ஆணையம் 13 தரப்புகள் மீது வழக்குப் போட்டது. சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், சிலர் விடுவிக்கப்பட்டார்கள், 2024இல் அபராதமும் இழப்பீடும் விதிக்கப்பட்டன. தீவின் உரிமை நிறுவனத்தையும் குற்றவாளி என்றது நீதிமன்றம். 2025இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நிலத்துக்குள் போக அனுமதி கொடுத்ததனாலேயே, அங்கே நடப்பதற்கெல்லாம் அந்த நிறுவனம் பொறுப்பாகாது என்பது அதன் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆபத்து யாருடையது என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது அது நமக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நிபுணர்கள் கூட வந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலையில், மாநாட்டுக்கு வந்த விஞ்ஞானிகளே வாய்க்குள் இறங்கியிருந்தபோது வெடித்தது. ஆறு விஞ்ஞானிகளும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள்.

சுமத்ராவின் மராப்பி கதை இன்னும் கசப்பு. 2011இலிருந்து அது இரண்டாம் நிலையில், அதாவது வஸ்பாடாவில் இருந்தது. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் வரக்கூடாது என்பது எரிமலை மையத்தின் பரிந்துரை. ஆனால் மலையேறும் அனுமதி இன்னொரு அலுவலகத்தின் கையில். அவர்கள் அனுமதிச் சீட்டு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை வெடித்தபோது 75 பேர் மலையில் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் திருட்டுத்தனமாக ஏறவில்லை, முறையாகப் பதிவு செய்தவர்கள்தான். அனுமதிச் சீட்டு கிடைத்தால் பாதுகாப்பு என்று நம்புவது நம் ஊரிலும் உள்ள பழக்கம்தானே.

தங்கைக்கு அனுப்பியது

மூன்று வாரம் கழித்து அவளுக்கு நீளமாக ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜ் அனுப்பினேன். அதைக் கொஞ்சம் திருத்தி இங்கே போடுகிறேன். போகவே போகாதே என்று சொல்லவில்லை. பாத்தூர் கடைசியாக வெடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் 1926இல் அதே மலை பாத்தூர் என்ற ஊரையே மூடி, ஊர்க்காரர்கள் கோயிலோடு மேலே விளிம்புக்குக் குடிபெயர்ந்தார்கள் என்பதையும் எழுதினேன்.

முதல் வேலை, டூர்க்காரரின் பக்கத்தை நம்பாமல் நேரே எரிமலை மையத்தின் அறிவிப்பைப் பார். இந்தோனேசியாவுக்கு மாக்மா இந்தோனேசியா என்று ஆப் இருக்கிறது. நிலையை மட்டும் பார்த்து மூடிவிடாதே, எத்தனை கிலோமீட்டர் வட்டம் என்று பார், உன் டூர் அந்த வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று மேப்பில் பார். கிளம்பும் ராத்திரி மறுபடி பார். நிலை 1இலிருந்து 2க்கு அந்த வாரத்தில்தான் ஏறியது என்றால், அந்த ஏற்றமே செய்தி. பல வருடமாக 2இல் கிடப்பதும் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை, மராப்பி அப்படித்தான் கிடந்தது.

கைடிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: வெடித்தால் எங்கே ஒதுங்குவோம்? கீழே யாருக்கு எப்படித் தகவல் போகும்? பதில் சொல்லத் திணறினால், அல்லது சிரித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

உடை விஷயத்தில் ஷூவை விட சட்டை முக்கியம். முழுக்கை, முழு பேன்ட், பருத்தி. பளபள ஜிம் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். வாகாரியில் டிசம்பர் என்றால் கோடை. ஹெல்மெட்டும் மாஸ்க்கும் இருந்தது, ஆனால் பலரின் கைகால்கள் திறந்திருந்தன. ஹெல்மெட் கொடுத்தால் கையில் தொங்கவிடாமல் தலையில் போடு. என்95 மாஸ்க் ஆளுக்கு இரண்டு, நீச்சல் கண்ணாடி ஒன்று, கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். என்95 சாம்பலுக்குத்தான், வாயுவுக்கு உதவாது. பள்ளமான இடங்களில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், வாசனையே இருக்காது. 2006இல் கலிஃபோர்னியாவின் மேமத் மலையில் மூன்று பனிச்சறுக்குப் பாதுகாவலர்கள் ஒரு வாயுக் குழிக்குள் விழுந்து இறந்தது அதனால்தான். பையன் "இங்கே தலை சுத்துது" என்றால் பேச்சே வேண்டாம், மேட்டுக்கு ஏறு.

வெடித்தால் போனை எடுக்காதே. இதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஒன்டாகேயில் இறந்தவர்களின் கேமராக்களில் எழும்பி வரும் சாம்பல் மேகத்தின் படங்கள் இருந்தன. அந்தச் சில நொடிகளில் பெரிய பாறைக்குப் பின்னால், குடிலுக்குள், எதற்காவது பின்னால் போ. பையைத் தலைக்கு மேல் வை. கல் விழுவது குறைந்ததும் வாயை விட்டு விலகி, பள்ளத்தாக்கில் இறங்காமல் முகட்டோடு இறங்கு. சூடான மேகமும் சேற்று வெள்ளமும் பள்ளத்தைத்தான் தேடும். கடலில் படகில் பார்த்தாலும் இதே கதைதான்: 2018 ஜூலையில் ஹவாயில் லாவா கடலில் விழுவதைப் பார்க்கப் போன படகின் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு கல் விழுந்து 23 பேருக்குக் காயம்.

பயணக் காப்பீட்டு ஆவணத்தில் எரிமலை என்ற சொல்லைத் தேடிப் பார் என்றும் எழுதினேன். எச்சரிக்கை வந்த பிறகு வாங்கும் பாலிசி பெரும்பாலும் அந்த எச்சரிக்கைக்கு உதவாது.

இதற்கு நடுவே ஒரு விஷயம் கவனித்தேன். நம் நாட்டிலும் உயிருள்ள எரிமலை ஒன்று இருக்கிறது, அந்தமானில் பேரன் தீவு. இருநூறு வருட உறக்கத்துக்குப் பக்கத்தில் போய், 1991இல் எழுந்தது. ஆள் வசிப்பதில்லை, படகிலிருந்து பார்ப்பதோடு சரி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தங்கையின் பதில் மறுநாள் வந்தது. முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட்: பாத்தூர், நிலை 1, நோர்மல். அதன் கீழே, "கைடுகிட்ட உன் ரெண்டு கேள்வியும் கேட்டேண்ணா. ஒருத்தர் கவலைப்படாதீங்க மேடம்னார். இன்னொருத்தர் எந்தக் குடிசை, எந்த வழி, யாருக்கு வாக்கி டாக்கி எல்லாம் வரைஞ்சே அனுப்பிட்டார். அவர் முப்பது டாலர் அதிகம். அவரையே புக் பண்ணிட்டோம்."

பிறகு இன்னொரு மெசேஜ்: "பையனுக்கு முழுக்கைச் சட்டை போட மாட்டேங்கிறான். நீயே பேசு."

பேசினேன். பூனை மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டான்.